மூன்று கிலோவுக்குக் கீழே

நாகர்கோவிலில் ஒரு தையற்கடை மாடியில், ஞாயிறுதோறும் தாணுலிங்கம் கம்ப்யூட்டர் நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தார். வயது இருபத்தாறு. அவரிடம் படித்த நர்ஸ் ஜெசிந்தா ஐந்து வயது மூத்தவள். அவள் அவரை 'சார்' என்பாள். அவர் அவளை 'அக்கா' என்பார்.

அங்கே எழுதும் எதையும் பூட்டி வைப்பதில்லை. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், எடுத்துக்கொள்ளலாம். எதை மாற்றினாலும் ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். அவ்வளவுதான் வழக்கம்.

குழந்தையின் எடையைப் போட்டால் காய்ச்சல் மருந்தின் அளவைச் சொல்லும் ஒரு நிரலை ஜெசிந்தா எழுதியிருந்தாள். முதலில் அவளுடைய வார்டில் மட்டும் ஓடியது. ஒரே வருடத்தில் எங்கெங்கோ, அம்மாக்களின் போன்களுக்கும்கூடப் போய்விட்டது.

அன்று தன் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க மாடியேறி வந்தாள்.

"சார், தப்பு பண்ணிட்டேன். மூணு கிலோவுக்குக் கீழே என்ன எடை போட்டாலும் அதை மூணுன்னே எடுத்துக்குது. கூடலூர்ல ஒரு கம்பவுண்டர் நிரலைத் திறந்து படிச்சிட்டு எழுதியிருக்கார்."

"சின்னப் பிள்ளைங்களுக்கு மருந்து கூடிப்போகுமே."

"திருத்திட்டேன் சார். நீங்க பார்த்து அனுப்பினா போதும்."

தாணுலிங்கம் படித்தார். திருத்தம் சரியாகவே இருந்தது. கீழே ஒரே வரி: 'சிறு திருத்தம்.'

"எத்தனை பேர் இதை வச்சிருக்காங்க அக்கா?"

"யாருக்குத் தெரியும்? எடுக்கிறவங்க சொல்லிட்டா எடுக்கிறாங்க?"

"அப்போ இந்த வரியை விவரமா எழுதலாமே."

"எழுதினா என் வேலை போயிரும் சார். அப்புறம் என் கையில யார் பிள்ளையைத் தருவாங்க? பூட்டி வச்சிருந்தா இந்தத் தலைவலியே இல்ல."

"ஆமா. கம்பவுண்டரும் பார்த்திருக்க மாட்டார்."

அவளுக்குக் கோபம் வந்தது. "அதான் திருத்தியாச்சே!"

"சரி" என்றவர் ஏதோ தட்டினார். பிறகு குழந்தையிடம் கை நீட்டி, "மாமாகிட்ட வர்றியா?" என்றார். அது வீறிட்டது.

"அந்தத் தாடியைப் பார்த்தா நானே அழுவேன் சார்." பயத்துக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் போன் ஒலித்தது. ஒரு கையால் குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடியே, மறுகைக் கட்டைவிரலால் 'பிறகு' என்பதை அழுத்தி, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்ன அது?"

"ஏதோ அப்டேட் சார். சிறு திருத்..."

குழந்தையின் முதுகில் அவள் கை அப்படியே நின்றது. எங்கோ ஒரு வீட்டில், இரண்டரைக் கிலோவில் ஒரு பிள்ளை. அதன் அம்மாவின் கட்டைவிரல்.

"அந்த அப்டேட்டை இப்போதைக்கு உங்க போனுக்கு மட்டும்தான் அனுப்பியிருக்கேன்" என்றார் தாணுலிங்கம்.

ஜெசிந்தா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அந்த வரியை அழித்தாள். 'மூன்று கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மருந்தின் அளவைக் கூட்டிக் காட்டியது. பழையதை உடனே நிறுத்துங்கள்' என்று எழுதினாள். விரல் நின்றது.

"தப்பு யாருதுன்னும் போடணுமா சார்?"

"போடணும். எழுதினது நீங்க. போன வருஷம் அதைப் படிச்சுப் பார்த்து 'சரி'ன்னு ஊருக்கு அனுப்பினது நான். என் பேரை முதல்ல போடுங்க அக்கா."