நெரிசல் திட்டுக்கு வந்த சங்கு நண்டுகள்

தென்கடலில் ஒரு மணல் தீவு. அங்கே கொடுக்கன் என்ற சங்கு நண்டும் அவன் மனைவி பவழாயியும் குடியிருந்தார்கள். சுற்றிலும், உமியை ஊதிவிட்டது போல எண்ண முடியாத தீவுகள்.

சங்கு நண்டின் பின்னுடம்பு வெறும் சதை. அதனால் கரையில் கிடக்கும் காலிச் சங்குக்குள் புகுந்துகொண்டு, வீட்டையே முதுகில் தூக்கித் திரியும். உடம்பு வளர வளர வீடு மாற்ற வேண்டும்.

பவழாயிக்கு வீடு போதவில்லை. வயிற்றில் முட்டைகள் வேறு. உடம்பு சங்குக்கு வெளியே பிதுங்கியது. வெயில் பட்டு ஈரம் காய்ந்தால் முட்டைகள் பிழைக்காது!

“இங்கே ஒரு சங்குகூட மிச்சமில்லை. வேற தீவுக்குப் போயே ஆகணும்!” என்றான் கொடுக்கன்.

அவன் கோபக்காரன். ஆதரவில்லாமல் கரையேறி, அடிபட்டு மிதிபட்டு ஆளானவன். அழுகிய தேங்காய்ச் சில்லைக்கூடப் பேரம் பேசாமல் தொடமாட்டான்.

அப்போது கரையோரம் ஓர் ஆமை ஒதுங்கியது. பெயர் கடலோடி.

“அக்கா, எங்களை ஏத்திக்கிட்டுப் போ. உன் முதுகில் ஒட்டியிருக்கிற கொட்டலசைச் சிப்பியையெல்லாம் சுரண்டி விடறேன். அஞ்சு தீவில் நிறுத்தணும்!”

“எனக்கும் வயிற்றில் முட்டை இருக்கு தம்பி. நான் பிறந்த கரைக்குப் போய்த்தான் இடணும். வழியில் மூணு தீவில்தான் நிற்பேன்.”

“நாலு!”

“ரெண்டு.”

“சரி சரி, மூணு! கோபப்படாதே!”

“கோபம் யாருக்கு?” என்று சிரித்தது ஆமை. “எந்த மூணு தீவுன்னு நீயே சொல்லு.”

மேலே பறந்த கடற்காகம் கேட்காமலே இறங்கி வந்தது. “வெண்குவியல் தீவுக்குப் போ! சங்கு மலை மலையாக் கிடக்குது! வானவில் தீவுக்குப் போ! ஒவ்வொரு சங்கும் ஒரு நிறம்!”

“நெரிசல் திட்டும் இருக்கு,” என்றது ஆமை. “சேத்துத் திட்டுதான். ஆனா உங்க இனத்தார் அங்கே நிறையப் பேர்.”

“அங்கேயே முதல்ல போகலாமே,” என்றாள் பவழாயி.

கொடுக்கன் துள்ளினான். “உனக்குப் புத்தி இருக்கா? கூட்டம் இருக்கிற ஊரில் வீடு எப்படிக் காலியா இருக்கும்? சங்கு நிறைய இருக்கணும், நண்டு குறைவா இருக்கணும். அதுதான் கணக்கு! விடு அக்கா, வெண்குவியலுக்கு!”

வெண்குவியல் தீவில் சங்குகள் மலை மலையாகத்தான் கிடந்தன. கடற்காகம் பொய் சொல்லவில்லை. கொடுக்கன் ஒன்றைத் தட்டினான். பொலபொலவென்று உதிர்ந்தது. இன்னொன்றைப் புரட்டினான். முதுகில் ஓட்டை! அலை அடித்து அடித்து, வெயிலில் காய்ந்து காய்ந்து, அத்தனையும் சுண்ணாம்பாகிக் கிடந்தன.

“இது தீவா, சுண்ணாம்புக் காளவாயா!” என்று கத்தினான் கொடுக்கன்.

“கத்தினா சங்கு முளைக்காதுங்க,” என்றாள் பவழாயி. அவள் குரல் வறண்டிருந்தது. அவன் சட்டென்று அடங்கி, ஈரப் பாசியை வாரி அவள் உடம்பின் மேல் போர்த்தினான்.

அடுத்து வானவில் தீவு. நீலம், சிவப்பு, மஞ்சள் என்று கரையோரத் தண்ணீரில் சங்குகள் மின்னின. ஓட்டை இல்லை, விரிசல் இல்லை. கொடுக்கன் ஒரு மஞ்சள் சங்கை ஓங்கித் தட்டினான்.

“யாருய்யா அது?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“வீடு பார்க்க வந்திருக்கோம். எப்போ காலி பண்றீங்க?”

“என்னது!”

“சும்மா தர வேண்டாம். தினம் பாசி கொண்டாந்து தர்றேன். சரி, ரெண்டு வேளையும் தர்றேன்!”

சங்குப்பூச்சி தலையை நீட்டி அவனை மேலும் கீழும் பார்த்தது. “அடேய், இது நான் குடியிருக்கிற வீடு இல்லை. என் உடம்பு! செத்தாத்தான் காலியாகும். காத்திருக்கியா?”

சுற்றியிருந்த சங்குகளெல்லாம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன. கொடுக்கனுக்குக் கொதித்தது. “கடைசி விலை என்னன்னு சொல்லு!” என்று மேலும் வம்புக்கு நின்றான்.

அந்தச் சத்தம் ஒரு கொக்கின் காதில் விழுந்தது. விர்ரென்று வந்து இறங்கி, பிதுங்கி நின்ற பவழாயியைக் குறிவைத்து ஒரே கொத்து! குறி தவறியது. ஆனால் சங்கு பிளந்தது.

கடலோடி துடுப்புக் காலை ஓங்கித் தண்ணீரை வாரி அடித்தது. கொக்கு பயந்து பறந்தது.

மணலில் பவழாயி வெற்றுடம்பாகக் கிடந்தாள். முட்டைகளைக் கால்களால் மறைத்துக்கொண்டாள். கொடுக்கன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. தன் சங்கிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்தான்.

“உள்ளே போ!”

“அப்போ நீங்க?”

“போடி, பேசாதே!”

பேரம் பேசாமல் அவன் கொடுத்த முதல் பொருள் அதுதான். பவழாயி உள்ளே போனாள். முட்டைகளுக்கும் சேர்த்து இடம் இருந்தது.

இப்போது கொடுக்கன்தான் அம்மணம். “அக்கா, நெரிசல் திட்டுக்கே போ,” என்றான், முணுமுணுப்பாக. ஆமை வழியெல்லாம் முதுகைத் தண்ணீரில் நனைத்து நனைத்து நீந்தியது. அப்படியும் கரை சேர்வதற்குள் அவன் தோல் சுருங்கிவிட்டது.

நெரிசல் திட்டில் நண்டுகள் வரிசையில் நின்றிருந்தன. முன்னால் பெரியது, பின்னால் அதைவிடச் சிறியது, கடைசியில் பொடியிலும் பொடி. வரிசைக்கு முன்னே ஒரு பெரிய சங்கு கிடந்தது. அலை அன்று காலையில் ஒதுக்கியது.

கொடுக்கன் தள்ளாடிக்கொண்டு ஓடினான். “என்னை முதல்ல விடுங்க! என்ன வேணும்னாலும் தர்றேன்!”

“இங்கே பேரமெல்லாம் கிடையாது மாமா,” என்றது நடுவில் நின்ற ஒரு பெண் நண்டு. அவள் பெயர் நுரைச்செல்வி. “அளவுதான் கணக்கு. முன்னால இருக்கிறவர் பெரிய சங்குக்குப் போவார். அவர் விட்டது அடுத்தவருக்கு. அப்படியே கடைசி வரைக்கும். நீங்க என் முன்னால வாங்க.”

கொடுக்கன் தயங்கினான். “நான் உள்ளே போனா, உனக்கு விட்டுக்கொடுக்க என்கிட்ட சங்கு இல்லையேம்மா! உனக்கு முன்னாலேயே வரிசை நின்னுபோயிடுமே!”

நுரைச்செல்வி பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவள் சங்கும் இறுக்கம்தான். அவளுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கும் அப்படித்தான். யாரும் முகம் சுளிக்கவில்லை. “நாங்க அடுத்த அலைக்குப் பார்த்துக்கறோம்!” என்று கடைசிப் பொடி கூவியது. “மாமாவுக்குத் தோல் காயுது, சீக்கிரம் நகருங்க!”

வரிசை நகர்ந்தது. டக், டக், டக் என்று ஒவ்வொருவராக வீடு மாறினார்கள். கொடுக்கனுக்கு ஒரு பழைய சங்கு வாய்த்தது. உள்ளே இன்னும் ஈரம் இருந்தது. அவன் நுழைந்து, சுருண்டு, கொடுக்கால் வாசலை மூடிக்கொண்டான்.

“என்னங்க, வீடு பிடிக்கலையா?” என்றாள் பவழாயி.

“பிடிக்காம என்ன பவழாயி! இவங்களுக்கு என்ன கொடுத்தாலும் ஈடாகாது.”

அன்று சாயங்காலம் தண்ணீர் ஏறியது. பவழாயி அலையோரம் போய் முட்டைகளை நீரில் விட்டாள். விட்ட கணமே ஒவ்வொன்றும் வெடித்து, தூசி போன்ற குஞ்சுகள் துள்ளிக் கடலுக்குள் போயின. அவளை அலை புரட்டிவிடாதபடி, நெரிசல் திட்டு நண்டுகளெல்லாம் அவளைச் சுற்றி நெருக்கி நின்றன. அந்த நெருக்கத்தில் கொடுக்கனும் ஒருவனாக நின்றான்.

காலி வீடு நிறைந்த ஊரைத் தேடாதே. தாங்கள் நகர்ந்து உனக்கு இடம் விடுகிறவர்கள் இருக்கும் ஊரைத் தேடு!