மூன்றாவது தூணில் ஒரு குழி

கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் கிடையாது. நம்பாதவர்கள் மருதங்கோட்டைக்குப் போய் அந்தத் தூணையே கேட்டுக்கொள்ளலாம். அது பதில் சொல்லாது. ஏன் சொல்லாது என்பதுதான் கதை.

மருதங்கோட்டைக் கோயில் மண்டபத்தில் ஒரே கல்லில் குடைந்த ஏழு சிறு தூண்கள் உண்டு. தட்டினால் ஏழு ஸ்வரம் கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து ஊர் மாடெல்லாம் பால் சுரக்கும் என்று சிலர் புளுகுவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். உள்ளூர் மாடு மட்டும்தான்.

ஊர் பார்க்க வருகிறவர்களுக்குக் கோயிலைச் சுற்றிக் காட்டும் கைடு சொர்ணவல்லி. அவள்தான் குரு, வயது நாற்பத்தெட்டு. சீடர் பூவராகனுக்கு அறுபத்தொன்று, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் "டிக்கெட், டிக்கெட்" என்பதைத் தவிர வேறெதுவும் பேச நேரமில்லாத வாய் அவருடையது. கோயில் கமிட்டி தரும் பேட்ஜ் சட்டையில் ஏறினால்தான் அந்த வாய் ஊரின் கதையைச் சொல்லலாம். நாலு வருஷமாகக் காத்திருந்தார். அதுவரை கூட்டத்தின் வாலில் நடந்து, "முன்னாடி போங்க, முன்னாடி இடம் இருக்கு" என்று ஆட்களை நகர்த்துவதுதான் அவர் வேலை.

ஒருநாள் காலையில் கமிட்டித் தலைவர் புதுச் சம்பந்தியோடு வந்து தூண்களுக்கு முன்னால் நின்றார்.

"ஏம்மா, தட்டிக் காட்டு."

"பார்க்கலாம். தட்டக் கூடாது," என்றாள் சொர்ணவல்லி.

"நான் யாருன்னு தெரியுமில்ல?"

"தெரியும். 'தட்டாதீர்'னு போர்டு வச்சதே நீங்கதானே?"

சம்பந்தி இருமினார். தலைவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே ஒரு தட்டும்மா. சம்பந்தி முதல் தடவையா வந்திருக்கார்."

"மாட்டேன்."

தலைவர் பூவராகன் பக்கம் திரும்பினார். சட்டைப் பையிலிருந்து பளபளவென்று ஒரு பித்தளைப் பேட்ஜை எடுத்தார்.

"உம்ம பேரைப் போட்டே கொண்டாந்திருக்கேன். நீர் தட்டும்."

தன் பெயரைப் பூவராகன் இரண்டு தடவை படித்தார். கீழே கிடந்த கூழாங்கல்லை எடுத்தார். குருவைப் பார்த்தார்.

"கைடம்மா... ஒரே ஒரு தட்டுதானே?"

அவள் திட்டவில்லை.

"தாராளமா, அண்ணே. எல்லாரும் தட்டின இடத்துலயே தட்டுங்க. மூணாவது தூண். முதல்ல அந்த இடத்தைக் கையால தொட்டுப் பாருங்க."

தொட்டார். கல்லில் ஒரு குழி இருந்தது. கட்டைவிரலை விட்டுப் பார்த்தார். விரலின் அடிவரைக்கும் போயிற்று.

"எந்தப் படுபாவி இப்படிக் குடைஞ்சது?"

"யாரும் குடையல, அண்ணே. வந்தவங்க எல்லாரும் ஒரே ஒரு தட்டுதான் தட்டினாங்க."

பூவராகன் விரலை எடுக்காமல் நின்றார்.

"என்னய்யா யோசனை?" என்றார் தலைவர்.

பூவராகன் விரலை எடுத்தார். பேட்ஜ் குத்த வேண்டிய சட்டைப் பையில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டார்.

"மாட்டேன் சார்."

"இன்னொரு தடவை இந்தப் பேட்ஜ் கிடைக்காது. தெரியுமில்ல?"

"நான் இந்த ஸ்டாப்பிங்லயே இறங்கிக்கிறேன் சார்."

தலைவருக்கு முகம் சிவந்தது. கையிலிருந்த பேட்ஜாலேயே தூணை ஓங்கித் தட்டினார். சத்தம் வரவில்லை. ஸ்வரத்தை விடுங்கள், கல்லில் பித்தளை பட்டால் வருமே ஒரு 'டொக்', அதுகூட இல்லை. நனைந்த மெத்தையில் அடித்த மாதிரி இருந்தது. ஏழு தூணையும் தட்டினார். பேட்ஜ் இரண்டாக மடிந்ததுதான் மிச்சம்.

"விடுங்க சம்பந்தி," என்றார் சம்பந்தி. "சத்தம் போடாத தூண் எங்க ஊர்லயும் நிறைய இருக்கு."

அவர்கள் போன பிறகு குருவும் சீடரும் பிரகாரத்தில் நடந்தார்கள்.

"பேட்ஜ் போச்சு கைடம்மா. இனிமே நான் வாயைத் திறக்க முடியாது."

"இன்னைக்குத் திறந்தீங்களே."

பூவராகன் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு நின்றார்.

"அது இருக்கட்டும். இத்தனை காலம் தட்டினதுக்கெல்லாம் பாடின கல்லு, இன்னைக்கு ஏன் பாடல?"

"நீங்க 'மாட்டேன்'னு சொன்னப்போ பக்கத்துலதானே அண்ணே நின்னுச்சு?"

இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் என் பேரை எடுத்துவிடாதீர்கள். சின்ன வயசில் நானும் அந்த மூணாவது தூணைத் தட்டியிருக்கிறேன்.

ஒரே ஒரு தட்டுதான்.