மேனேஜருக்குத் தெரியாத குறை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, கோடை லீவில் உள்ளூர்ப் பிள்ளைகள் மூன்று பேரைப் பயிற்சிக்கு எடுத்தது. மேனேஜர் தணிகாசலம் மாதம் முழுக்க அவர்களை டீ வாங்கத்தான் அனுப்பினார். கடைசி நாளில் சான்றிதழ்களைக் கையில் பிடித்துக்கொண்டு, "இந்தக் கம்பெனியில எனக்குத் தெரியாத குறை ஒண்ணு சொல்லு, தர்றேன்" என்றார்.

ஃபேன் ஓடவில்லை என்றான் ஒருத்தன். "தெரியும், போ." குழாய் ஒழுகுகிறது என்றாள் இன்னொருத்தி. "அதுவும் தெரியும்." இப்படிச் சொன்னால் யாரால்தான் ஜெயிக்க முடியும்?

மிச்சம் நவமணி. திங்கட்கிழமை சான்றிதழைக் காட்டாவிட்டால் பாலிடெக்னிக்கில் அவளுக்கு சீட் கிடையாது. கம்பெனி முதலாளியம்மா வந்து உட்காரட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"ஏனுங்க சார், தீயணைக்கிற வாளி நாலுலயும் மணலே இல்லீங்க. பூரா டீக் கப்பு. இது உங்களுக்குத் தெரியுமுங்களா?"

தணிகாசலம் "தெ..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். சுற்றிலும் துணி மூட்டைகள்.

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லுங்க. தெரியுமா, தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாதுங்கம்மா."

"அப்போ எனக்குச் சான்றிதழ் குடுங்க சார். இவங்களுக்கும் குடுத்துருங்க. தெரிஞ்ச ஃபேனையும் குழாயையும் ஏன் சரி பண்ணலைன்னு அம்மா கேக்கறதுக்குள்ள."

மூன்றிலும் கையெழுத்து விழுந்தது. வாசலுக்கு வந்ததும் நவமணி சான்றிதழைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள். அவளை டீ வாங்க அனுப்பாமல் இருந்திருந்தால், காலிக் கப்பைப் போட இடம் தேடி அந்த வாளிக்குள் அவள் எட்டிப் பார்த்திருக்கவே மாட்டாள்.