கால் படாமல் வந்தவள்

எந்தக் காலம் என்று சொல்லத் தெரியாத ஒரு காலத்தில், ஆற்றங்கரை நாடொன்றை ஆண்ட அரசர் விடியற்காலையில் ஒரு கனவு கண்டார். சபை மண்டபம் குளமாகிக் கிடந்தது, தாமரைகள் மிதந்தன, சிம்மாசனத்தில் இருந்தபடியே அவர் தண்ணீரில் கால் நனைத்தார். விழித்த பிறகும் அந்தக் குளிர்ச்சி பாதத்தை விட்டுப் போகவில்லை. அதை நனவில் காட்டுபவருக்குக் கேட்டது கிடைக்கும் என்றார்.

அந்தப்புரத் தோட்டத்தில் அவரைச் சிரிக்க வைப்பவள் விகடக்காரி மருதி. அவள்மேல் பொறாமை கொண்ட தலைமை அமைச்சர், இது அவளால்தான் முடியும் என்று பணிவாகச் சொல்லிவைத்தார். சபைத் தரையில் பெண்ணின் கால் படக்கூடாது என்பது பழைய சட்டம். வந்தால் நாடு கடத்தலாம். வராவிட்டால் தோற்றாள் எனலாம் என்பது அவர் கணக்கு.

மருதி ஒப்புக்கொண்டாள். அரண்மனை வாசலில் குஞ்சரம் என்ற விதவை நெடுநாளாகக் காத்திருந்தாள். அவள் நிலத்தைக் கொழுந்தன் பிடுங்கிக்கொண்டான். சபையில் அவளுக்காகப் பேச ஆண் துணை இல்லை. நாளை நீயே பேசு என்றாள் மருதி.

மறுநாள் பனி விலகுமுன், மருதி சொன்னபடி ஆட்கள் வாய்க்கால் வெட்டி ஆற்றை மண்டபத்துக்குள் திருப்பினார்கள். தூண்களின் நிழல் தண்ணீரில் அசைந்தது. தாமரைகளுக்கு நடுவே ஒரு பரிசல் சத்தமில்லாமல் வந்தது. மருதி துடுப்புப் போட்டாள். குஞ்சரம் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அரசர் இமைக்காமல் பார்த்தார்.

"சட்டம் மீறப்பட்டது, அரசே" என்றார் அமைச்சர், முழங்கால் நீரில் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி.

"எங்கள் கால் தரையில் படவில்லை, அமைச்சரே. ஐயமிருந்தால் குனிந்து தடவிப் பாருங்கள்" என்றாள் மருதி.

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். குஞ்சரம் முதலில் தடுமாறினாள். பிறகு தன் குரல் அந்த மண்டபத்தில் எதிரொலிப்பதைக் கேட்டு, நிறுத்தி நிறுத்திச் சொல்லி முடித்தாள். நிலம் அவளுக்குத் திரும்பியது. சட்டமும் அன்றே நீங்கியது.

மருதிக்கு என்ன வேண்டும் என்று அரசர் கேட்டார். சபையில் உட்கார ஓர் இருக்கை என்றாள். இருக்கைகள் பரம்பரை உரிமை, காலி இல்லை என்றார் அமைச்சர். அரசர் தண்ணீரில் கால் நனைத்தபடி தாமரைகளைப் பார்த்தார்.

நீர் வடிந்ததும் மருதி ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். குஞ்சரமும் உட்கார்ந்தாள். வழக்கோடு வந்த பெண்களெல்லாம் அவர்கள் பக்கத்தில் அமர, நாளடைவில் அமைச்சர்களுக்கு நடக்க வழியில்லாமல் போயிற்று. ஒருநாள் தலைமை அமைச்சரே, "கொஞ்சம் வழி விடுங்கள், அம்மா" என்று கெஞ்சினார். அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, மருதிக்கு ஓர் இருக்கை போடச் சொன்னார்.

அதில் அமர்ந்தவளிடம், வசதியாக இருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்கிறது, அரசே. பக்கத்தில் பேசத்தான் ஆளில்லை."

அரசர் சிரித்துக்கொண்டே, இன்னோர் இருக்கை செய்யத் தச்சரை அழைத்துவர ஆளனுப்பினார். தச்சர் இன்னும் வந்துகொண்டே இருக்கிறாராம்.