கரடி போட்ட பிசின் பாதை

ஒரு காட்டின் தாழ்வான பகுதியில் மிருகங்கள் கூடி வாழ்ந்தன. வெள்ளம் வந்தால் மேட்டுக்கு ஓட ஒரே ஒரு பாதைதான். அதுவும் களிமண் பாதை. மழை பெய்தால் கூழாகிவிடும். அந்த ஆண்டு முதல் மழையிலேயே ஒரு சினைமான் அதில் வயிறுவரை புதைந்தது. யானை இழுத்துப் போட்டதால் பிழைத்தது.

“பாதையை நான் சரிசெய்கிறேன்” என்று அங்கம்மா என்ற கரடி முன்வந்தாள். நாள் முழுக்கக் கல் சுமந்து கொட்டினாள். கொட்டிய கல்லெல்லாம் உள்ளே போய்விட்டது.

“இன்னும் கொஞ்சம் கொட்டு அக்கா, பாதாளத்துக்கு வழி திறந்துவிடும்” என்றது நரி.

அங்கம்மாவுக்கு அழுகையும் பசியும் சேர்ந்து வந்தன. கரையான் தின்னலாமென்று பக்கத்திலிருந்த புற்றில் நகத்தைப் போட்டாள். நகம் வழுக்கியது. அவளுக்கு ஆச்சரியம். அதே களிமண், அதே மழை. இது மட்டும் எப்படிக் கல்லாக நிற்கிறது?

கேட்டாள். கரையான்கள் நடுங்கிக்கொண்டே, மண்ணில் தங்கள் எச்சிலைக் குழைத்துக் கட்டுவதாகச் சொன்னன. அவள் ஒன்றையும் தின்னாமல் திரும்பினாள்.

மறுநாள் எல்லா மிருகங்களையும் பாதையில் துப்பச் சொன்னாள். உச்சிவெயிலுக்குள் எல்லார் நாக்கும் வறண்டது. பாதை ஒரு சாண்கூட நனையவில்லை. ஆளாளுக்கு முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அங்கம்மா சோர்ந்துபோய் ஒரு வேலமரத்தில் சாய்ந்தாள். எழப் பார்த்தால் முடியவில்லை. மரத்தில் வடிந்திருந்த பிசின் முதுகைப் பிடித்துக்கொண்டது. இழுத்தாள். ரோமம்தான் பிய்ந்தது, பிசின் விடவில்லை.

வலியை மறந்து அவள் சிரித்தாள். “எச்சில் என்பதற்காக மண் இறுகவில்லை, அது ஒட்டுவதால் இறுகுகிறது!”

போன மிருகங்களை மறுபடி கூட்டி வந்தாள். எல்லாரும் வேலமரங்களில் பிசினைச் சேர்த்துத் தண்ணீரில் கரைத்தார்கள். களிமண்ணோடு குழைத்துப் பரப்பினார்கள். தண்ணீர் வழிந்தோட நடுவை மேடாக்கினார்கள். யானை மிதித்துக் கெட்டிப்படுத்தியது. மழை விட்ட நாட்களில் வெயில் காயவைத்தது.

பிறகு பெருமழை வந்தது. வெள்ளம் ஏறியது. மிருகங்கள் ஒவ்வொன்றாகப் பாதையைக் கடந்தன. கடைசியில் யானை காலை வைத்தபோது அங்கம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தரை அசையவில்லை. யானை ஆடி அசைந்து மேடேறியதும்தான் அவளும் பின்னால் ஓடினாள்.

பிறர் செய்வதைப் பார்த்து அப்படியே செய்வது போதாது, அது எதனால் பலிக்கிறது என்று புரிந்துகொண்டு செய்தால்தான் காரியம் கைகூடும்.