நாலு பாறைக்கும் எலுமிச்சம்பழம்

வழுக்குப்பாறைக் காட்டில் கரடி, நரி, முயல் என்று எல்லாரிடமும் ஆளுக்கொரு பைக் இருந்தது. மாதம் ஒரு ஞாயிறு ஓடைக்கரையில் போட்டி நடக்கும். வேகப் போட்டி இல்லை, பயப்படாதீர்கள்! நாலு பாறைகளில் மெதுவாக ஏறி இறங்க வேண்டும். கால் தரையில் பட்டால் ஒரு தப்பு, வண்டியோடு விழுந்தால் ஐந்து தப்பு. தப்பு குறைந்தவருக்கு வெற்றி. பாறைக்கு ஒன்றாக நாலு கொக்குகள் நின்று தப்பை எண்ணும்.

முதல் பாறையடியில் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் எல்லாரும் கிளம்புவார்கள். அது அங்கே வழக்கம். எட்டுப் பேர் ஓட்டியவரை ஒரு தொல்லையும் இல்லை. மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு, பலாப்பழம் அறுத்துத் தின்றுவிட்டுப் போவார்கள்.

செய்தி பரவியது. இந்த மாதம் நாற்பது பேர் வந்துவிட்டார்கள்! போட்டி நடத்தும் கரடிக்கு வாயெல்லாம் பல்.

"வாங்க, வாங்க! எவ்வளவு கூட்டம் பாருங்க!"

கூட்டம் வந்தது, சரி. நாற்பது பேரும் முதல் பாறையிலேயே பழத்தோடு வரிசை கட்டினார்கள். நாலாம் பாறைக் கொக்கு பாதி நாள் ஈ ஓட்டிக்கொண்டு நின்றது. பிறகு ஆள் வரத் தொடங்கியதும் நகரவே முடியவில்லை. ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை, பாவம்!

பொழுது சாய்ந்தது. வரிசைக் கடைசியில் நின்ற முயலுக்கு முறையே வரவில்லை. ஒரு மாதமாகப் பழகியதெல்லாம் வீண். அதற்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது நாலாம் பாறைக் கொக்கு நேரே கரடியிடம் வந்தது.

"கரடியண்ணே, அடுத்த மாசம் வேற ஆளைப் பாத்துக்கோங்க! என்கிட்டயும் பைக் இருக்கு. உங்க தப்பை எண்ணி எண்ணி, ஒரு வருஷமா நான் அதுல ஏறவே இல்ல!"

"நாங்களும் வரமாட்டோம்!" என்றன மற்ற மூன்று கொக்குகளும்.

கரடிக்குத் திக்கென்றது. எண்ண ஆள் இல்லையென்றால் போட்டியே இல்லையே!

"இதுக்குப் போய் யோசிப்பாங்களா? புதுசா வந்தவங்களை விரட்டிடுங்க. பழைய எட்டுப் பேர் போதும்!" என்றது நரி.

"அப்பவும் யார் எண்ணுறது? நீங்களா?" என்று கேட்டது முயல்.

"நானா? நான் ஓட்ட வந்தவனாச்சே!"

"அதான் சங்கதி! எல்லாரும் ஓட்டத்தான் வந்தோம். நின்னு எண்ண யாருமே வரல." முயல் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "கரடியண்ணே, நாலு பாறையிலயும் பழம் வைங்க. பத்துப் பத்துப் பேரா பிரிஞ்சு, பத்துக்கொரு பாறையில தொடங்குவோம். ஒவ்வொரு பத்துலயும் மாத்தி மாத்தி ஒருத்தர் எண்ணட்டும்!"

"வேற பாறையில பழமா? ராசி போயிடும்!" என்று கத்தியது நரி.

"நசுங்கப்போற பழத்துக்கு எந்தப் பாறையா இருந்தா என்ன?" என்றது நாலாம் பாறைக் கொக்கு. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அப்படியே செய்வதென்று முடிவானது.

அடுத்த மாதம் நாலு பாறையிலும் ஒரே நேரத்தில் வண்டிகள் கிளம்பின. நாலாம் பாறையில் எண்ணும் முறை நரிக்கு வந்தது. முயல் உருட்டி, நிமிர்த்தி, சமாளித்து, அந்தப் பக்கம் இறங்கியது.

நரிக்கு மனசே வரவில்லை. ஆனாலும், "ஒரு தப்புகூட இல்ல!" என்றது.

அடுத்து எண்ணும் முறை முயலுக்கு வந்தது. பழைய நாலாம் பாறைக் கொக்கு தன் பைக்கில் ஏறி வந்தது. பாதிப் பாறை ஏறியது, ஆடியது, வண்டியோடு தொபுக்கென்று ஓடையில் விழுந்தது!

"கொக்கக்கா... அஞ்சு!" என்றது முயல், தயங்கித் தயங்கி.

கொக்கு சிறகை உதறிவிட்டுச் சிரித்தது. "சரியா எண்ணினே! அப்பாடா, விழுறதுகூட இவ்வளவு நல்லா இருக்கும்னு இத்தனை நாள் தெரியாமப் போச்சே!"

மத்தியானத்துக்குள் போட்டி முடிந்தது. இந்தத் தடவை அஞ்சு பலாப்பழம் அறுத்தார்கள்.

விளையாட வருகிறவர்கள் எல்லாரும் கொஞ்ச நேரம் மற்றவர்களுக்காகவும் நின்றால், கூட்டம் பெருகினாலும் விளையாட்டு கெடாது.