டாலர் இறங்கட்டும்

"அம்மா, கிரெடிட் கார்டுல வாங்கினதுக்கெல்லாம் எப்பங்க பணம் கட்டறது? இங்கிருந்தேவா, ஊருக்குப் போயா?"

கேட்டவர் செங்கோடன், ஈரோட்டு நூல் வியாபாரி. விலை இறங்காமல் ஒரு மூட்டை நூல்கூட வாங்கியதில்லை என்பது அவருடைய பெருமை.

அவர் அம்மா என்றது வாகீசையை. வயதில் அவருக்கு மகள் போல இருப்பார். ஆனால் குரு. கம்போடியாவின் பழைய சிவன் கோயில்களைக் காட்டச் சீடர்களை அழைத்து வந்திருந்தார்.

"நீங்க எப்ப கட்டலாம்னு இருக்கீங்க?"

"டாலர் இறங்கட்டுமுங்க. இன்னைக்குக் கட்டினா நட்டமுங்க."

"பணம் இல்லையா?"

"பேங்க்குல கெடக்குதுங்க. அதுக்காக? ஆத்துல போட்டாலும் அளந்து போடோணுமில்லீங்களா?"

குரு கோயில் வாசலுக்கு நடந்தார்.

அங்கே ஓர் இளநீர் வாங்கினார். கடைசிச் சொட்டுவரை குடித்தார். காலிக் காயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கடைக்காரப் பெண் காசுக்குக் கை நீட்டினாள்.

"ஏனுங்கம்மா, காசு குடுக்கலீங்களா?" என்றார் செங்கோடன்.

"விலை இறங்கட்டும்."

"அதான் குடிச்சாச்சேங்க!"

குரு காசைக் கொடுத்துவிட்டு நடந்தார்.

அன்று சாப்பாட்டு மேசையில் செங்கோடன் இதை எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மனைவி பாவாயி மட்டும் சிரிக்கவில்லை. தட்டையும் தொடவில்லை.

"ஏனுங்க, கார்டுல இன்னும் எடமிருக்குதுங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

"கொஞ்சந்தான். டாலர் இறங்கினதும் கட்டறேன். அதுவரைக்கும் செலவு வெச்சுடாத."

பாவாயி தலையாட்டினாள்.

மறுநாள் கோயில் படியில் ஏறும்போது அப்படியே சரிந்து விழுந்தாள். தொட்டால் உடம்பு அடுப்பாகக் கொதித்தது.

குருவும் செங்கோடனும் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். முன்பணம் கட்டினால்தான் சேர்ப்போம் என்றார்கள் அங்கே. செங்கோடன் கார்டை நீட்டினார்.

கவுண்டர்ப் பெண் தேய்த்தாள். இல்லையென்று தலையை ஆட்டினாள். மறுபடி தேய்த்தாள். கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கார்டின் கடன் லிமிட் தீர்ந்திருந்தது. குருவின் பையில் இருந்ததெல்லாம் ஆட்டோவுக்கே சரியாகப் போயிருந்தது. நடைபாதையில், ஸ்ட்ரெச்சரில், பாவாயியின் பற்கள் தந்தியடித்தன.

செங்கோடன் போனை எடுத்தார். பாழாய்ப்போன பழக்கம், விரல் முதலில் டாலர் விலையைத் தேடிப் போனது.

"இன்னும் இறங்கலையா?" என்றார் குரு.

செங்கோடன் அந்தப் பக்கத்தை மூடினார். கார்டுக் கணக்கைத் திறந்தார். கட்ட வேண்டிய தொகை ரூபாயில் இருந்தது. ஒவ்வொரு செலவும் கணக்கில் ஏறிய அன்றே ரூபாயாக மாறிவிட்டிருந்தது.

"இதுல டாலரே இல்லீங்களேம்மா..."

குரு ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார்.

செங்கோடன் முழுத்தொகையையும் போட்டார். ஓடிபி வரவில்லை. மறுபடி கேட்டார். வரவில்லை. ஊரில் உள்ள சாமிகளை எல்லாம் கூப்பிட்டார். போன் அதிர்ந்தது. எண்ணைத் தப்பாக அடித்து, அழித்து, சரியாக அடித்தார்.

"இப்பத் தேயுங்க," என்று தமிழிலேயே கத்தினார்.

அந்தப் பெண்ணுக்கு அது புரிந்தது. தேய்த்தாள். இயந்திரம் யோசித்தது. பிறகு சீட்டைத் துப்பியது. ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது.

சாயங்காலம் டாக்டர் வந்தார். பிழைத்துக்கொண்டாள் என்றார். ஆனால் காய்ச்சல் வந்து சில நாள் ஆகியிருக்கிறது, ஏன் இவ்வளவு தாமதம் என்று கடிந்துகொண்டார்.

செங்கோடனுக்குப் பயமெல்லாம் கோபமாக மாறியது. கட்டிலோரம் போய் நின்றார்.

"ஏம்புள்ள, ஒரு வார்த்தை சொல்லப்படாதா? எதுக்குக் காத்துக் கெடந்தே?"

பாவாயி கண்ணைத் திறந்தாள்.

"நீங்க டாலர் இறங்கட்டும்னு இருந்தீங்க. நானு காச்சல் இறங்கட்டும்னு இருந்தேனுங்க."